கூடி ஒலிக்கும் சுரங்கள்

நுழையும்முன்

ஒரு பாடலின் மெட்டைப் பலராலும் முணுமுணுக்க இயலும். அம்மெட்டுக்கு அடியில் நின்று அதன் உணர்வை உருவாக்கும் சுரக்கூட்டைக் கேட்டும் அறியாதவரே மிகுதி. மடிக்கணினியும் இசை மென்பொருளும் எளிதில் கிட்டும் இக்காலத்தில், இசையமைக்க விழையும் இளைஞர் பலர் முதலில் தடுமாறும் இடமும் அதுவே. சுரங்கள் எந்தக் கணக்கின்படி கூடுகின்றன, அக்கூட்டைச் செவி எவ்வாறு ஏற்கிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒற்றை இழையும் கூட்டொலியும்

கணினிவழி இசையமைக்கத் தொடங்கும் மாணவர், பெரும்பாலும் தாளக்கட்டிலிருந்தே தொடங்குகிறார். மென்பொருளின் கட்டங்களில் புள்ளிகளை நிரப்பினால் முழவொலி பிறக்கிறது. அடுத்து, மனத்தில் தோன்றிய மெட்டொன்றை விசைப்பலகையில் தேடிக் கண்டடைகிறார். அதன்பின் மெட்டுக்கும் தாளத்துக்கும் இடையே ஒரு வெறுமையை உணர்கிறார். அதனை நிரப்ப விரும்பி மூன்று விசைகளை ஒருசேர அழுத்துகிறார். எழுவது இசையன்று, இரைச்சல். அழுத்திய விசைகளில் ஒன்றை மட்டும் ஒருபடி நகர்த்தினால் அவ்விரைச்சல் இனிய ஒலியாக மாறிவிடக்கூடும். எதனை, எத்திசையில், எவ்வளவு நகர்த்துவது என்னும் வினாவுக்கான விடையே சுரக்கூட்டின் இலக்கணம்.

ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள் மெட்டாகின்றன. இரண்டுக்கு மேற்பட்ட சுரங்கள் ஒரே வேளையில் ஒலிக்கும்போது அது சுரக்கூட்டு எனப்படும். இசைக்கலைஞர் இதனைக் 'கார்டு' என வழங்குவர். மெட்டு நீளவாட்டில் ஓடும் இழை. சுரக்கூட்டு அவ்விழையைக் குறுக்கே தாங்கும் ஊடை. மேலை இசை, பல நூற்றாண்டுகளாக இக்கூட்டொலியைத் தன் அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. தமிழிசையோ மெட்டின் நுட்பங்களில் ஆழ்ந்து வளர்ந்தது.

எனினும், சுரங்களுக்கிடையே உறவு உண்டு என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்குப் பெயரிட்ட முன்னோர், ஒரு நரம்புக்கும் மற்றொரு நரம்புக்கும் உள்ள உறவை இணை, கிளை, நட்பு, பகை எனப் பகுத்தனர். எந்தச் சுரம் எதனோடு பொருந்தும், எது முரணும் என்பதையே இப்பெயர்கள் சுட்டுகின்றன. சுரக்கூட்டைக் கற்பவரும் இதே உறவுகளையே வேறொரு கோணத்திலிருந்து அணுகுகிறார்.

பன்னிரண்டு படிகள்

ஒலி என்பது அதிர்வு. ஒரு நொடிக்கு 440 முறை அதிரும் ஒலியை உலகெங்கும் இசைக்கருவிகளைச் சுருதி சேர்ப்பதற்கான அளவாகக் கொள்கின்றனர். இது மேலை இசையில் 'ஏ' எனப்படும் சுரமாகும். அதிர்வெண் இரட்டிப்பாகி 880 ஆனாலும், பாதியாகி 220 ஆனாலும், செவி அதனை அதே சுரத்தின் மேல் அல்லது கீழ் வடிவமாகவே உணர்கிறது. இந்த இரட்டிப்பு எல்லை மண்டிலம் எனப்படும். வழக்கில் இதனை ஸ்தாயி என்பர்.

ஒரு மண்டிலத்தைப் பன்னிரண்டு சமப்படிகளாகப் பகுப்பது இன்றைய விசைக்கருவிகளின் முறை. ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்கு உயர்கிறது. பன்னிரண்டு முறை அவ்வாறு உயர்ந்தால் சரியாக இருமடங்காகும். விசைப்பலகையில் வெள்ளை விசை, கருப்பு விசை என்னும் வேறுபாடு கண்ணுக்குத்தான். அடுத்தடுத்து அமைந்த இரு விசைகளுக்கு இடைப்பட்ட தொலைவு எங்கும் ஒருபடியே.

இசை மென்பொருள்களில் 'பியானோ ரோல்' என்னும் கட்டத்திரை உண்டு. தானே இசைக்கும் பியானோக்களில் பயன்பட்ட துளையிட்ட காகிதச் சுருளிலிருந்து அப்பெயர் வந்தது. திரையின் இடப்புறம் செங்குத்தாக விசைகள் அமைந்திருக்கும். காலம் இடமிருந்து வலமாக ஓடும். சுரத்தை மேலே ஒரு கட்டம் நகர்த்தினால் ஒருபடி உயரும். ஆகவே, இசைக்குறியீடுகளைப் படிக்கத் தெரியாத ஒருவரும் கட்டங்களை எண்ணிச் சுரக்கூட்டை அமைக்க முடிகிறது.

தெரியுமா?

வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் உரையாடுவதற்கான பொதுமொழி 'மிடி'. இது 1983-இல் நடைமுறைக்கு வந்தது. ஒலியை அன்றி, எந்த விசை எப்போது எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது என்னும் செய்தியையே இது கடத்துகிறது. விசைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. நடு 'சி' சுரத்தின் எண் 60. இதனை உருவாக்குவதில் முன்னின்ற டேவ் ஸ்மித், இக்குத்தாரோ காக்கெஹாஷி ஆகிய இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பெற்றது.

நான்கும் மூன்றும்

சுரக்கூட்டின் எளிய வடிவம் மூன்று சுரங்களால் ஆனது. முதலில் ஓர் அடிச்சுரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலிருந்து நான்கு படி மேலே இரண்டாம் சுரத்தையும், அங்கிருந்து மூன்று படி மேலே மூன்றாம் சுரத்தையும் வைத்தால் 'மேஜர்' கூட்டு பிறக்கும். 'சி' அடிச்சுரமானால் சி, இ, ஜி ஆகிய மூன்றும் அக்கூட்டின் உறுப்புகள். மிடி எண்களில் 60, 64, 67. தமிழிசைப் பெயர்களால் கூறின் குரல், கைக்கிளை, இளி ஆகியவை கூடி ஒலிக்கின்றன எனலாம்.

இக்கூட்டு ஏன் இனிக்கிறது? நடு மண்டிலத்தில் இம்மூன்று சுரங்களின் அதிர்வெண்கள் முறையே ஏறத்தாழ 261.6, 329.6, 392.0 ஹெர்ட்ஸ். இவை 4:5:6 என்னும் எளிய விகிதத்துக்கு மிக நெருங்கியவை. அதிர்வுகள் எளிய விகிதத்தில் அமையும்போது அவை அடிக்கடி ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன. செவி அதனை இயைபாக உணர்கிறது. எனினும் பொருத்தம் முழுமையானதன்று. சமப்படிப் பகுப்பில் நடுச்சுரம், எளிய விகிதம் கேட்கும் இடத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்கிறது. எந்தச் சுரத்தை அடியாகக் கொண்டாலும் ஒரே கருவியில் இசைக்க வேண்டும் என்னும் வசதிக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட சிறு குறை அது.

இனி, நடுச்சுரத்தை மட்டும் ஒருபடி இறக்குக. இடைவெளிகள் மூன்றும் நான்குமாக இடம் மாறுகின்றன. 60, 63, 67 என அமையும் இது 'மைனர்' கூட்டு. மூன்றில் இரண்டு சுரங்கள் அசையவில்லை. ஒன்று மட்டும் ஒருபடி இறங்கியது. அவ்வளவிலேயே மலர்ந்திருந்த ஒலி உள்ளொடுங்குகிறது. பலர் மேஜரை மகிழ்ச்சி என்றும் மைனரைத் துயர் என்றும் கூறுவர். அது தொடக்கத்துக்கு உதவும் அடையாளமேயன்றி விதியன்று. விரைந்த தாளத்தோடு சேர்ந்த மைனர் கூட்டு எழுச்சியையும், மெல்ல நீளும் மேஜர் கூட்டு ஏக்கத்தையும் தர வல்லது.

மூன்றும் மூன்றுமாக அடுக்கினால் நெருக்கமும் பதற்றமும் கொண்ட 'டிமினிஷ்டு' கூட்டும், நான்கும் நான்குமாக அடுக்கினால் நிலைகொள்ளாது மிதக்கும் 'ஆக்மெண்டட்' கூட்டும் கிடைக்கின்றன. மூன்று, நான்கு என்னும் இரண்டே எண்களிலிருந்து நான்கு வேறுபட்ட இயல்புகள் தோன்றுகின்றன.

வீடும் வழியும்

தனித்த ஒரு கூட்டு ஒரு சொல்லைப் போன்றது. சொற்கள் தொடரும்போதுதான் பொருள் பிறக்கும். அவ்வாறே கூட்டுகள் அடுத்தடுத்து வரும்போதுதான் இசை நகர்கிறது.

வெள்ளை விசைகளால் மட்டும் ஆன சி மேஜர் வரிசையில் ஏழு சுரங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் அடியாகக் கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று சுரங்களை எடுத்தால் ஏழு கூட்டுகள் கிடைக்கும். அவற்றுள் சி, எஃப், ஜி ஆகியவற்றின்மேல் அமைபவை மேஜர். டி, இ, ஏ ஆகியவற்றின்மேல் அமைபவை மைனர். பி-யின்மேல் அமைவது டிமினிஷ்டு. இந்த ஏழனுள் எதனை எடுத்தாலும் அது வரிசையை விட்டு விலகாது. தொடக்கநிலை மாணவருக்கு இது பாதுகாப்பான களம்.

இக்களத்தில் 'சி' கூட்டு வீடு போன்றது. அங்கே இசை இளைப்பாறுகிறது. 'ஜி' கூட்டு வாயிற்படியில் நிற்பது போன்றது. ஜி, பி, டி என்னும் அதன் உறுப்புகளோடு 'எஃப்' சுரத்தையும் சேர்த்தால், வீடு திரும்பும் விழைவு இன்னும் மிகுகிறது. இதற்குக் காரணம் உண்டு. பி-யும் எஃப்-உம் ஆறு படி இடைவெளியில் ஒன்றோடொன்று முரணி நிற்கின்றன. 'பி' ஒருபடி ஏறிச் சி-யையும், 'எஃப்' ஒருபடி இறங்கி இ-யையும் அடையும்போது அம்முரண் தீர்கிறது. பகை நட்பாக முடியும் அக்கணத்தையே செவி 'வீடு திரும்புதல்' என உணர்கிறது. முரணே இல்லாத இசையில் தீர்வுக்கும் இடமில்லை. ஆதலின், முரண்சுரத்தைப் பிழையென எண்ணி நீக்கிவிடாமல், அது எங்குச் சென்று அமைதியுறும் என அறிந்து கையாள்வதே தேர்ச்சி.

தாவுதலும் நடத்தலும்

கூட்டுகளைச் சரியாகத் தேர்ந்தும் இசை துண்டுதுண்டாக ஒலிப்பதாகத் தொடக்கநிலையினர் வருந்துவதுண்டு. ஒவ்வொரு கூட்டையும் அடிச்சுரத்திலிருந்தே அடுக்கி, அப்படியே மேலும் கீழும் தூக்கி வைப்பதே இதற்குக் காரணம். மூன்று சுரங்களும் ஒருசேரத் தாவுவதால் தொடர்ச்சி அறுபடுகிறது.

சுரங்களின் அடுக்கை மாற்றினாலும் கூட்டின் அடையாளம் மாறாது. சி, இ, ஜி என்பதை இ, ஜி, சி என்றோ ஜி, சி, இ என்றோ அடுக்கலாம். 'இன்வர்ஷன்' எனப்படும் இந்த இடமாற்றத்தைப் பயன்படுத்திச் சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்னும் வரிசையைக் கீழ்க்காணுமாறு அமைக்கலாம்.

சி மேஜர் : 60, 64, 67
ஏ மைனர் : 60, 64, 69
எஃப் மேஜர் : 60, 65, 69
ஜி மேஜர் : 59, 62, 67

முதலிலிருந்து இரண்டாவதற்குச் செல்கையில் மேற்சுரம் மட்டும் இரண்டு படி ஏறுகிறது. அடுத்து, நடுச்சுரம் மட்டும் ஒருபடி ஏறுகிறது. பின்னர் மூன்றும் சிறிது இறங்குகின்றன. மீண்டும் வீடு திரும்புகையில் மேற்சுரம் நிலைக்க, மற்ற இரண்டும் மெல்ல ஏறிச் சேர்கின்றன. எங்கும் மூன்று படிக்கு மிகுந்த தாவல் இல்லை. ஒவ்வொரு சுரமும் தனக்கென ஒரு சிறு மெட்டைப் பாடிக்கொண்டு நடக்கிறது. குழுவாகப் பாடுவோர் தத்தம் குரலுக்கு அருகிலுள்ள சுரத்தையே நாடுவர். அதே இயல்பைத்தான் இம்முறை பின்பற்றுகிறது.

மற்றொரு பிழை, கூட்டை மிகத் தாழ்ந்த மண்டிலத்தில் வைப்பது. நடு மண்டிலத்தில் சி-க்கும் இ-க்கும் இடையே ஏறத்தாழ 68 ஹெர்ட்ஸ் வேறுபாடு உண்டு. இரண்டு மண்டிலம் கீழே அது 17 ஹெர்ட்ஸாகச் சுருங்குகிறது. அவ்வளவு நெருங்கிய தாழ்ந்த ஒலிகளைச் செவியால் தெளிவாகப் பிரித்தறிய இயலாது. கலங்கிய கரகரப்பே மிஞ்சும். எனவே கீழே அடிச்சுரம் ஒன்றை மட்டும் வைத்து, மற்றவற்றை மேலே பரப்புவது நல்லது. மின்னணு இசையில் அடியொலியைத் தனித்தடத்தில் அமைப்பதன் பயனும் இதுவே.

கருவிகள் கடந்த பாதை

இன்று ஒரு சொடுக்கில் கிடைக்கும் கூட்டொலி, மின்னணு இசையின் தொடக்கத்தில் அத்தனை எளிதாக இருக்கவில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் வெண்டி கார்லோஸ், பாக்கின் இசைப்படைப்புகளை மூக் ஒலியாக்கியில் இசைத்து 1968-இல் 'சுவிட்ச்டு-ஆன் பாக்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அக்கருவி ஒருவேளையில் ஒரு சுரத்தையே ஒலிக்கவல்லது. ஆதலின் ஒவ்வோர் இழையையும் தனித்தனியே இசைத்து, ஒலிநாடாவின் வெவ்வேறு தடங்களில் பதிந்து அடுக்க வேண்டியிருந்தது. இழை இழையாகக் கூட்டைக் கட்டியெழுப்பிய அந்த உழைப்பு, ஒவ்வொரு சுரத்துக்கும் தனிவாழ்வு உண்டு என்பதை உணர்த்துகிறது.

1978-இல் வெளிவந்த 'புராஃபெட்-5' என்னும் ஒலியாக்கி ஒரேவேளையில் ஐந்து சுரங்களை ஒலித்தது. மிடிக்கு வித்திட்ட டேவ் ஸ்மித்தே இதனையும் வடிவமைத்தவர். தொடர்ந்து வந்த கருவிகள் பல சுரங்களைக் கையாளும் ஆற்றலைப் பரவலாக்கின.

1980-களில் சிகாகோ நகரின் நடன அரங்குகளில் 'ஹவுஸ்' என்னும் மின்னணு இசைவகை உருப்பெற்றது. அதனை வளர்த்தவருள் ஒருவரான லாரி ஹெர்டு, முழவு இசைப்பவராக இருந்து ஒலியாக்கியின் பக்கம் வந்தவர். 1986-இல் வெளியான அவருடைய 'கேன் யூ ஃபீல் இட்' என்னும் படைப்பு, இயந்திர முழவின் சீரான துடிப்பின்மேல் மென்மையான கூட்டொலிகளைப் படரவிட்டது. நடனத்துக்கான இசை ஆழ்ந்து கேட்பதற்கும் உரியது என அது காட்டியது. இவ்வழியில் வளர்ந்த 'டீப் ஹவுஸ்' இசையில், முச்சுரக்கூட்டோடு மேலும் ஒரு சுரத்தை அடுக்கும் ஏழாம்சுரக் கூட்டுகள் பெரிதும் பயில்கின்றன. ஏ மைனர் கூட்டின் ஏ, சி, இ ஆகியவற்றோடு 'ஜி' சுரத்தைச் சேர்த்துக் கேட்டால் வேறுபாடு புலனாகும். முடிவுற்ற வாக்கியம்போல் நின்ற கூட்டு, இன்னும் சொல்ல ஏதோ இருப்பதுபோல் நீள்கிறது.

அசையும் சுரமும் அசையாச் சுரமும்

இராக இசையில் பயின்ற ஒருவர் சுரக்கூட்டை அணுகும்போது தனியானதொரு சிக்கல் எழுகிறது. இராகத்தில் சுரம் என்பது அசையாத புள்ளியன்று; கமகத்தால் அசைந்தும் வழுக்கியும் உயிர்பெறுவது. தோடி இராகத்தின் காந்தாரம் இதற்கு நல்ல சான்று. அதன் அடியில் நிலையான காந்தாரம் கொண்ட கூட்டை வைத்தால், அசையும் சுரமும் அசையாச் சுரமும் உரசும். மெட்டின் அழகு மங்கும்.

இதற்குத் தீர்வுகள் உண்டு. கூட்டின் நடுச்சுரத்தை நீக்கிக் குரலும் இளியும் மட்டும் ஒலிக்கச் செய்யலாம். கமகம் நிகழும் இடத்தில் கூட்டை நிறுத்திவிட்டு, மெட்டு ஓய்ந்தபின் மீண்டும் சேர்க்கலாம். கூட்டைக் கெட்டியான அடுக்காக வைக்காமல், தனித்தனி இழைகளாக மெட்டைச் சுற்றி நடக்கவிடலாம். இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு, கருநாடக இசைமரபும் மேலைச் செவ்விசையும் ஒன்றையொன்று அழிக்காமல் உரையாட முடியும் என்பதற்குச் சான்றாக விளங்குகிறது. சேர்க்கத் தெரிவது போலவே விலக்கத் தெரிவதும் கூட்டிசைப் புலமையாகும்.

பொத்தானும் செவியும்

ஒரு விசையை அழுத்தினால் முழுக்கூட்டையும் ஒலிக்கும் வசதி இன்றைய மென்பொருள்களில் உள்ளது. கூட்டு வரிசைகளைத் தானே பரிந்துரைக்கும் கருவிகளும் உள்ளன. இவற்றைப் பயன்படுத்துவது குற்றமன்று. 1981-இல் வந்த 'பாலிசிக்ஸ்' ஒலியாக்கியிலேயே ஒரு கூட்டை நினைவில் வைத்து ஒற்றை விசையால் இசைக்கும் வசதி இருந்தது. ஒரே வடிவக் கூட்டை மேலும் கீழும் நகர்த்துவதால் எழும் ஒலி, மின்னணு நடன இசையின் அடையாளங்களுள் ஒன்றாகவே ஆயிற்று. வரிசையின் விதியை அது மீறினும், அம்மீறலைக் கேட்டுத் தேர்ந்தவர் கலைஞர், பொத்தான் அன்று.

இங்குதான் கற்பவர் கவனம் கொள்ள வேண்டும். பொத்தான் தரும் கூட்டு பொருந்தாதபோது, அறியாதவர் அடுத்த பொத்தானை நாடுவார். அதுவும் பொருந்தாவிடில் அதற்கடுத்ததை நாடுவார். தேர்வு அவருடையதாக இராது. அறிந்தவரோ நடுச்சுரத்தை ஒருபடி இறக்கிப் பார்ப்பார், அடுக்கை மாற்றுவார், ஒரு சுரத்தை நீக்குவார். தாம் தேடும் ஒலி எது என்பதை அவரால் பெயரிட்டுக் கூறவும் முடியும். கருவி இருவருக்கும் ஒன்றே. ஒருவரைக் கருவி நடத்துகிறது. மற்றவர் கருவியை நடத்துகிறார்.

அந்நிலையை அடையச் செலவு மிக்க கருவிகள் வேண்டா. நாள்தோறும் சிறிதுநேரப் பயிற்சி போதும். ஒரு கூட்டை ஒலிக்கவிட்டு, அதன் மூன்று சுரங்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் பாட வேண்டும். நடுச்சுரத்தைப் பாடுவதே கடினம். அது கைகூடினால் மேஜரையும் மைனரையும் செவி பிரித்தறியத் தொடங்கும். பின்னர், விருப்பமான பாடலொன்றின் அடியொலியை மட்டும் பின்தொடர்ந்து கேட்டு அடிச்சுரத்தைக் கண்டறிய வேண்டும். திரையைப் பாராமல் கேட்பது நன்று. கட்டங்களைக் காணும் கண் விரைந்து முடிவு கூறிவிடும். செவிக்கோ நேரம் வேண்டும்.

நான்கும் மூன்றும் எனக் கட்டங்களை எண்ணுவது ஒருநாளில் கைவரும். அவ்வெண்களுக்குப் பின்னுள்ள உறவை உணரப் பலநாள் ஆகும். தொடக்கத்தில் மாணவர் எண்ணிக்கொண்டே அடுக்குவார். காலப்போக்கில் கேட்டு அடுக்குவார். எண்ணுவது மறந்து கேட்பது நிலைக்கும் நாளில், மூன்று விசைகளை ஒருசேர அழுத்தும் அவர் கையிலிருந்து இரைச்சல் எழாது. அவர் நினைத்த இசை எழும்.

கற்பவை கற்றபின்

1. 'டி' சுரத்தை அடியாகக் கொண்டு மேஜர், மைனர் கூட்டுகளின் மிடி எண்களைக் கணக்கிட்டு எழுதுக. ('டி' சுரத்தின் எண் 62)

2. விசைப்பலகையிலோ செல்பேசிச் செயலியிலோ ஒரு மேஜர் கூட்டை இசைத்து, நடுச்சுரத்தை மட்டும் ஒருபடி இறக்கிக் கேட்டு, உணர்ந்த மாற்றத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

3. 'இசைக்கு முரணும் தேவை' என்னும் கருத்தில் வகுப்பறையில் கலந்துரையாடுக.